ஒட்டகத்திடம் சொன்னது

பாலைவனக் கிராமமான ரோஹீடாவுக்கு வரும் விருந்தாளிகள் என்னென்ன செய்யலாம் என்பதை ஹர்காராமின் கூடார விடுதி வாசலில் ஒரு தகரப் பலகை சொல்லும். தலைப்பாகை கட்டிக்கொள்ளலாம், ஒட்டகம் ஏறி மணல்மேட்டில் சூரியன் விழுவதைப் பார்க்கலாம், கம்பு ரொட்டி தட்டலாம். இப்படி மொத்தம் எட்டு. நான்காவது வரி, 'கிராமத்துப் பெண்களோடு தண்ணீர் எடுக்கப் போகலாம்' என்பது. அந்தப் பெண்களில் ஒருத்தி ஜம்கு, ஹர்காராமின் தம்பி லூணாராமின் மனைவி.

விருந்தாளிகள் முதல் மேடு வரைக்கும் வருவார்கள். காலிக் குடத்தைத் தலையில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். கிணறு அதற்கப்பால் இன்னும் மூன்று மேடு தள்ளி இருந்தது. ஜம்குவுக்குக் காலையில் இரண்டு நடை, மாலையில் ஒரு நடை. போன கோடையில் ஏழு மாத வயிற்றோடு நடந்தவள் மூன்றாவது மேட்டில் பிள்ளையை இழந்தாள். இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். இதாவது தங்க வேண்டுமானால் வாசலில் தண்ணீர் வர வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

குழாய் இல்லாமல் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பன்னிரண்டு வீட்டு வாசலிலும் சிமெண்டு மேடை கட்டிப் பித்தளைக் குழாய் பொருத்தியாகிவிட்டது. ஹர்காராம் வீட்டிலும் அவன் கூடாரக் குளியலறைகளிலும் தண்ணீர் கொட்டியது. மற்ற பதினொன்றுக்கும் மண்ணுக்கடியில் இணைப்பே கிடையாது. அரசாங்கக் குழாய் வேலையைக் குத்தகை எடுத்தவன் ஹர்காராமின் மச்சான். எல்லா வீட்டிலும் தண்ணீர் வந்துவிட்டால் நான்காவது வரிக்குப் பெண்களை எங்கே போய்த் தேடுவது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. ஜம்கு தன் வீட்டுக் குழாயில் ஆட்டுக்குட்டியைக் கட்டிப்போட்டிருந்தாள்.

நேரே கேட்டிருக்கலாமே என்றால், அங்கே அப்படிக் கேட்க முடியாது. கணவனின் அண்ணன் முன்னால் தம்பி மனைவி வாய் திறக்கக் கூடாது. முக்காட்டை மார்புவரை இழுத்துவிட்டு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சொல்லியே தீர வேண்டிய சங்கதி என்றால் பக்கத்தில் நிற்கும் ஆட்டிடமோ சுவரிடமோ சொல்வதுபோல் சொல்லலாம். அவர் காதில் விழுந்தால் விழட்டும். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் ஹர்காராமின் முகத்தை அவள் சரியாகப் பார்த்ததில்லை. செருப்பை வைத்துத்தான் ஆளைத் தெரியும்.

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணங்கிட்ட நீங்களாவது கேளுங்க."

"கேட்டா ஒட்டகத்தைப் பிடுங்கிக்குவாரு. அப்புறம் எதை ஓட்டிச் சம்பாதிக்கிறது?"

"ஒட்டகம் போனா வேற ஒட்டகம். பிள்ளை போனா?"

லூணாராம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மார்கழிக் குளிரில் ஒரு சனிக்கிழமை இலா மாத்துர் வந்தாள். ஜெய்ப்பூர் அதிகாரி. பன்னிரண்டு வீட்டிலும் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள். வருவதுதான் வருகிறோம் என்று கணவன், இரண்டு பெண்கள், நாத்தனார் குடும்பம் எல்லோரையும் கூட்டி வந்திருந்தாள். ஹர்காராம் அவர்கள் தலையில் சிவப்புத் தலைப்பாகை கட்டிவிட்டான். ரொட்டி தட்ட வைத்தான். நடுவில் தன் வீட்டுக் குழாயைத் திறந்து காட்டினான். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. மற்ற வீடுகளுக்குப் போவதற்குள் ஒட்டகம் தயாராகிவிட்டது.

மாலை நான்காவது வரி. ஜம்கு குடத்தோடு வந்து நின்றாள். லூணாராம் ஒட்டகத்தின் மூக்குக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். ஒட்டகத்தின் பெயர் பாதல். மேகம் என்று பொருள், அந்த ஊருக்கு வாய்த்த மேகம் அது ஒன்றுதான்.

"எல்லா வீட்லயும் குழாய் இருக்குங்கிறீங்க. அப்புறம் எதுக்கு இவங்க குடம் தூக்குறாங்க?" என்று இலா மாத்துர் கேட்டாள்.

"பழகிப்போச்சு மேடம். வேண்டாம்னாலும் கேக்க மாட்டாங்க. நாலு பொம்பளைங்க சேர்ந்து போனாத்தானே ஊர்க்கதை பேச முடியும்" என்றான் ஹர்காராம்.

அவள் ஜம்குவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. உங்க வீட்டுக் குழாய்ல தண்ணி வருதா?"

ஒன்பது வருடத்தில் யாரும் ஜம்குவிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. மணலில் நாலடி தள்ளி ஹர்காராமின் செருப்பு தெரிந்தது. அவள் ஒட்டகத்தின் பக்கம் திரும்பினாள்.

"பாதல், அம்மா கேக்குறாங்க பாரு, தண்ணி வருதான்னு. நம்ம வீட்டுக் குழாய்ல காத்துகூட வரல. கூடாரத்துல குளிக்கிறவங்களுக்கு மட்டும் கொட்டுது. உனக்கென்னப்பா, ஒரு தடவை குடிச்சா பத்து நாள் தாங்குவ. எனக்குத் தினம் மூணு நடை. போன வருஷம் ஒண்ணை மூணாவது மேட்டுலதான் புதைச்சேன். இப்ப ஒண்ணு வயித்துல இருக்கு. இதையும் அங்கேயேதான் புதைக்கணுமான்னு பெரியவர்கிட்ட கேட்டுச் சொல்லு."

பாதல் தலையைத் தூக்கி, உதட்டை விரித்து, நீளமாக ஒரு கனைப்புக் கனைத்தது.

அவ்வளவுதான், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சின்னப் பெண்கள் இரண்டும் கைதட்டின. நாத்தனாரின் கணவன் கைப்பேசியில் முழுதும் பிடித்திருந்தான். இலா மாத்துர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "என்ன அருமையா பேசுறா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இதுவும் உங்க பலகைல இருக்கா?"

செருப்பு ஒரு கணம் அசையவில்லை.

"ஒன்பதாவது மேடம். புதுசா சேர்த்தது."

அதிகாரியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? காலையிலிருந்து அவள் கண்ட தலைப்பாகையும் ரொட்டியும் பாட்டும் அவளுக்காகக் காட்டியவைதான். அதற்கு நடுவில் ஒரு நிஜம் வந்து நின்றால் எப்படித் தெரியும்? ஆனாலும் பதினொரு வீடும் நூறடியில்தான் இருந்தன. ஒரு குழாயை அவள் திருகிப் பார்த்திருக்கலாம்.

முக்காட்டை விலக்கி, நிஜம்தாம்மா என்று சொல்லிவிட ஜம்குவின் கை எழுந்தது. செருப்பு ஓர் அடி முன்னால் வந்தது. லூணாராம் இருமினான். கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. அதற்காக அவள் தன்னை எத்தனை முறை திட்டிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

இலா மாத்துர் தலைப்பாகையோடே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் பலகையில் ஒன்பதாவது வரி ஏறிவிட்டது, 'ஒட்டகத்தோடு வழக்குப் பேசும் பெண்ணைக் கேட்கலாம்'. ஈரப் பெயிண்டில் மணல் ஒட்டியிருந்தது. லூணாராம் வந்து தரையைப் பார்த்தபடி நின்றான்.

"அதே மாதிரி பேசணுமாம். வயித்துப் பிள்ளை விஷயத்தை விட்டுடக் கூடாதாம். அங்கதான் எல்லாரும் உருகிப்போறாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் பாதலின் கயிற்றை அவிழ்க்கப் போனான். வேலிக்கு ஓணான் சாட்சி.

மாலையில் ஆறேழு பேர் கைப்பேசியோடு காத்திருந்தார்கள். ஹர்காராமின் செருப்பு ஓரமாக நின்றது. ஜம்கு குடத்தோடு வந்தாள். பாதலுக்கு எதிரே வந்ததும் முக்காட்டை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். விருந்தாளிகள் காத்திருந்தார்கள்.

"ஏன் பேசலைன்னு கேளுடா" என்றான் ஹர்காராம்.

லூணாராம் கேட்டான்.

"பாதலும் இப்ப உங்கண்ணன் பக்கத்து ஆளாயிடுச்சு" என்று அவள் கணவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "பெரியவங்க முன்னால நான் எப்படிங்க பேசுறது?"

குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தாள். அதையும் படம் பிடித்துக்கொண்டே முதல் மேடு வரைக்கும் அவர்கள் கூடவே வந்தார்கள்.