குகதாசன் தெரிந்து தந்த வெட்டி

வேட்டைத் துவக்கில் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை அளவாக வெட்டி மீண்டும் தோட்டாவாக்க, மோட்டார் வைத்த வெட்டி ஒன்று வாங்க நினைத்தேன். “கையால சுத்துறதே காணும், மச்சான், மோட்டார் எதுக்கு?” என்று நண்பன் குகதாசன் ஒஸ்லோவில் மலிவான ஒன்றைத் தெரிந்து தந்தான். கூடுகளை வெட்டினேன், பிறகு சுட்டதில் விரிந்த கூடு பழைய அளவுக்கு வர அச்சில் அழுத்தி, வெடிமருந்தும் குண்டும் வைத்தேன்.

எல்க் மான் எதிரே நின்ற காலையில், தோட்டா துவக்கினுள் முழுதாகப் போகவில்லை. “எல்லாம் உன்ர கஞ்சத்தனம்!” என்று வேட்டைக்கு வந்த அத்தனை பேர் முன்னும் குகதாசனைப் பார்த்துக் கத்தினேன். அவன் தன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தான்.

வீட்டில் அளந்தபோதுதான் விளங்கியது. அச்சில் அழுத்தும்போது கூடு நீள்கிறது. அழுத்திய பிறகே வெட்டு என்று அவன் இரண்டு தரம் சொன்னவன்.

மன்னிப்புக் கேட்கப் போன் எடுத்தேன்.

“அதை விடு, மச்சான்” என்றான். “நான் என்ர துவக்கை வித்திட்டன்.”