ஒரு மாதிரி: விற்பனைக்கு அல்ல

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஜலதோஷத்தில் கிடைத்தது. மருந்து அட்டைகளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதையெல்லாம் தேடித் தருகிற செயலி ஒன்றில், "உடம்பு ஒரு மாதிரி இருக்கு" என்று தட்டினேன். "மருத்துவருக்கான மாதிரி. விற்பனைக்கு அல்ல" என்று பதில் வந்தது. என்னை யார் இப்போது விலைக்குக் கேட்டார்கள்? அந்தக் கோபத்தில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஆகவே எங்காவது வாக்கியம் பாதியில் நின்றால் அதைப் புதிய உத்தி என்று யாரும் பாராட்ட வேண்டாம். கண்ணயர்ந்துவிட்டேன் என்று அர்த்தம்.

2

முதல் தொடக்கம்: அந்தி மயங்கும் வேளையில், கணினித் திரையின் நீல ஒளியில் அவள்

(வேண்டாம். மயங்குவதற்கு இந்தக் கதையில் வேறு ஆள் இருக்கிறார்.)

இரண்டாவது தொடக்கம்: வீட்டில் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே சொன்ன மாதிரியான செயலியை எழுதிக்கொண்டிருப்பவள் அவள்தான். அவளுடைய சித்தப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மத்தியானம் சாப்பிட்டு, ஊரே அதிரும்படி தும்மி, சளிக்கு ஒரு மாத்திரையையும் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றிவரக் கிளம்பிவிட்டார். வேன் சாவி அவர் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

வாண்டு மாத்திரை அட்டையை எடுத்து வாசித்தாள். தூக்கம் வரலாம், வாகனம் ஓட்டக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருந்தது. சித்தப்பா மசியவில்லை.

"எனக்குத் தூக்கம் வரல. ஒரு மாதிரி இருக்கு, அவ்வளவுதான். ஒரு மாதிரி இருந்தா ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. அவள் சொன்னால் அவர் கேட்கப்போவதுமில்லை. அவளுக்கு மூக்குச் சிந்திவிட்ட மனிதர் அவர். ஆனால் திரையில் வந்தால் நம்புவார். மழை வருகிறதா என்று பார்க்க ஜன்னலைத் திறக்காமல் செல்போனைத் திறக்கிறவர். எனவே வாண்டு செயலியைத் திறந்து அவரிடமே கொடுத்தாள். அவர் ஒற்றை விரலால் குத்திக் குத்தி, "ஒரு மாதிரி" என்று தேடினார்.

மாதிரி. விற்பனைக்கு அல்ல.

சித்தப்பா முகம் மலர்ந்தது. "விக்கத்தான் கூடாதுன்னு போட்டிருக்கு. நான் வேனை விக்கவா போறேன்? ஓட்டத்தானே போறேன்."

(சிரித்துவிட்டீர்கள். நானும்தான். இப்போது, வேன் திரும்பி வரும்போது அதன் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். தண்ணீர்ப் புட்டியும் பையுமாக அத்தனை பிள்ளைகள்.)

4

அவள் அவசர அவசரமாகச் செயலியைத் திருத்தினாள். யாராவது "ஒரு மாதிரி" என்றால் தேடாதே, "எந்த மாதிரி?" என்று திருப்பிக் கேள் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். அது கேட்டது. சித்தப்பா "அந்த மாதிரி" என்று பதில் எழுதினார். துணி மடித்துக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

சரி, சுற்றி வளைப்பானேன் என்று, ஒரு மாதிரி என்றால் தூக்கக் கலக்கம் என்றே எழுதிவைத்தாள். பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, வாய் கிழியக் கொட்டாவி விட்டுவிட்டுச் சொன்னார்:

"நீயே எழுதி நீயே காட்டினா நான் நம்பிடணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. இப்படியொரு பிடிவாதக்காரர் இருப்பாரா என்று இரண்டு பத்தியாக நான்தான் அவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.* அவர் என் பிழைப்பையே சந்தேகிக்கிறார்.

* பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும். கதையை அல்ல, சித்தப்பாவை.

5

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன. சித்தப்பா நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். (எழுதிப் பார்த்தேன். "கண்ண மூடி யோசிக்கிறேன்" என்று சாதித்துவிட்டு எழுந்து நின்றார்.) செயலிக்குத் திடீரென்று புத்தி வந்து அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிறது. (வாண்டே நம்ப மாட்டாள்.) பாதி வழியில் வேன்

இல்லை. அதை நான் எழுத மாட்டேன். இந்த முறை தூக்கமில்லை, பயம்.

நான் இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போதே வாண்டு சமையலறைக்குள் போய், பள்ளிக்கூடத்தின் இன்னொரு ஓட்டுநருக்குப் போன் செய்துவிட்டாள். இதோ வருகிறேன், அதுவரை அவரைக் கிளம்ப விடாதே என்றார் அவர். அவள் திரும்பி வந்தபோது சித்தப்பா சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்து, இடது கால் செருப்பில் வலது காலை நுழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். வாண்டு சாவியை எடுத்தாள். வீட்டுக்குள் எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அதனால் கதைக்கு வெளியே வீசினாள்.

(பிடியுங்கள்.)

சித்தப்பா நிமிர்ந்தார். சாவி எங்கே என்று கேட்டார். சித்தி உதட்டைப் பிதுக்கினாள். செயலியில் தேடிப் பாருங்களேன் என்றாள் வாண்டு. எனக்குத் தெரியாது என்று நானும் கூசாமல் சொல்லிவிட்டேன். அவர் மேஜையடியில் பார்த்தார், மடித்த துணிகளைக் கலைத்துப் பார்த்தார். பிறகு, பாதி மூடிய கண்ணோடு இந்தப் பக்கத்திலிருந்து மெல்லத் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறார்.

"நீங்க பாத்தீங்களா?"

இனி உங்கள் பாடு. மற்ற ஓட்டுநர் தெருமுனைக்கு வந்துவிட்டார். அவர் கதவைத் தட்டும்வரை தயவுசெய்து முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள்.