முழுகாதவர்கள்

அன்று வெள்ளிக்கிழமை. நான் கிணற்றடியில் குந்தியிருக்க, என் புருஷன் அருளம்பலம் துலாவில் தண்ணீர் அள்ளி என் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். சீயாக்காய் கண்ணில் பட்டுவிட்டது. நான் ஏசினேன். அவர் வேண்டுமென்றே இன்னொரு வாளி ஊற்றினார். என் தலைமயிர் அடர்த்தி; காய மத்தியானம் ஆகும். "உன்ர தலை காய முதல் வந்திடுவன்" என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளை எடுத்தார். சந்தியில் ராணுவ வண்டி நின்றது. அவருடைய உடலைத் தூக்கிக்கொண்டு வந்தபோது என் தலை ஈரமாகத்தான் இருந்தது.

அதற்கு மேல் அதை எழுத எனக்கு வராது. நான் எழுத வந்தது, பிறகு எடப்பாடிப் பக்கத்தில் நடந்ததை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் தரையில் பாவாது.

எண்பத்தைந்தில் நானும் அவருடைய தங்கை ரஞ்சிதமலரும் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தோம். மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு எங்களை இங்கே அனுப்பினார்கள். பழைய பஞ்சு குடோன் ஒன்றுதான் முகாம். சேலைகளைக் கட்டி மறைத்து, குடும்பத்துக்கு ஒரு துண்டு இடம். குளிக்கிற தொட்டி ரோட்டோரம் இருந்தது, மறைப்பு இல்லை. அந்த இடம் வந்ததும் லாரிகள் தானாக மெதுவாகிவிடும். உடம்பை ஏதோ நனைத்துக்கொள்வோம். கொண்டையை அவிழ்த்து முழுக ஒருத்திக்கும் மனம் வரவில்லை.

சாமான் அறையின் திறப்பு துரைசிங்கத்திடம் இருந்தது. இங்கே சாவி என்பதை நாங்கள் திறப்பு என்போம். அவனும் எங்களோடு வந்தவன்தான். இந்த ஊர்த் தமிழ் தனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று எல்லோரையும் நம்பவைத்திருந்தான். அதிகாரி வந்தாலும் டாக்டர் வந்தாலும் நடுவில் நின்று தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்ப்பான். கேட்டைத் தாண்டுவதென்றாலும் அவன் தலையசைக்க வேண்டும்.

ஒருநாள் அரிசி அளக்க என்று ரஞ்சியை அந்த அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். சில நாளில் அவளுக்கு அடிவயிற்றில் நோ, காய்ச்சல், வெள்ளை படுதல். டாக்டர் வந்த அன்று அவளைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினேன். மேசைக்குப் பக்கத்தில் துரைசிங்கம் நின்றான். "வயித்துக் கோளாறு சார், சாப்பாடு ஒத்துக்கல" என்று அவனே சொன்னான். ரோஸ் மாத்திரை கிடைத்தது. ரஞ்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்தாள். இவளை அவன் இல்லாத ஒரு இடத்தில், ஒரு பெண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கமலவேணி நர்ஸ் வந்தார். ஜலகண்டாபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண், வேலைக்குப் புதிது. கர்ப்பிணிகளுக்கு ஊசி போட மருந்துப் பெட்டியோடு வந்திருந்தார். பொம்பிளை விஷயம் என்று துரைசிங்கம் கொஞ்சம் தள்ளிக் கதவடியில் நின்றான்.

"யாரெல்லாம் முழுகாம இருக்கீங்க? கையத் தூக்குங்க பாக்கலாம்" என்றார் நர்ஸ்.

எவ்வளவு நல்ல கேள்வி. கடைசியில் ஒருவராவது வந்து கேட்டாரே என்று எல்லோரும் கையைத் தூக்கினோம். பொன்னுப்பிள்ளை ஆச்சி இரண்டு கையையும் தூக்கினாள்.

நர்ஸ் மருந்துப் பெட்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஆச்சியிடம் வந்தார்.

"ஏனுங்க பெரியம்மா, நீங்களுமா?"

"ஏன் பிள்ளை, கிழவியெண்டா வேண்டாமோ? மூண்டு மாசமாச்சு."

"உங்க ஊட்டுக்காரரு?"

"அந்த மனுசன் செத்து எவ்வளவு காலம்."

நர்ஸின் குரல் இறங்கிவிட்டது. "அப்புறம் யாராலீங்க இது?"

"உந்த ரோட்டில போற லொறிக்காரராலதான். ஒருத்தனெண்டில்லை, எல்லாராலயும்தான்."

நர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து விறுவிறுவென்று துரைசிங்கத்திடம் போனார்.

"இத்தன பேரு முழுகாம இருக்காங்களே, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மேடம். வந்ததிலேர்ந்து இப்படித்தான். அதுக்கு நான் என்ன பண்றது?"

"வாய் கூசாமச் சொல்றீங்க. நாளைக்குக் காலைல எல்லாத்தையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்போணும். ஆம்பிளை ஒருத்தரும் கூட வரப்படாது. நீங்களுந்தான்."

"இதுக்குன்னு அங்க தனி ரூம் இருக்குதுங்களா?"

"பின்ன? இதையெல்லாம் நடுரோட்டுலயா வெச்சுப் பாப்பாங்க?"

"அதுவும் சரிதான் மேடம். அங்க எனக்கென்ன வேலை" என்று சிரித்தான். எங்கள் பக்கம் திரும்பி, வழக்கம்போல் மொழிபெயர்த்தான்: "நாளைக்கு ஆசுப்பத்திரியில உங்களை முழுக விடுகினமாம். சவுக்காரம், துவாய் எல்லாம் கொண்டு போங்கோ."

குடோனில் அன்று திருவிழாதான். ஒருத்தி சீயாக்காய் தேடினாள், ஒருத்தி வாளி இரவல் கேட்டாள். நானும் முழுக்கு என்றுதான் நம்பினேன். ஆனால் நான் விடியக் காத்திருந்தது வேறொன்றுக்காக. அவன் இல்லாத இடத்துக்கு அவன் வாயாலேயே வழி சொல்லிவிட்டான். ரஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கு" என்றேன். "ஓம் மச்சாள்" என்றாள், அவ்வளவுதான்.

காலையில் வாளிகளோடு பஸ் ஏறினோம்.

"எங்கீங்க, காவேரிக்கா? காவேரி அந்தப் பக்கமுங்க" என்றார் கண்டக்டர்.

"ஆசுப்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரிக்கு வாளியா? மருந்து மொண்டுட்டு வரப் போறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். இந்த ஊருக்கு வந்த பிறகு ஆட்களோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் காத்துக்கொண்டு நின்றார். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, லேடி டாக்டரையும் வரவழைத்திருந்தார். எங்கள் வாளிகளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இதெல்லாம் எதுக்குங்க?"

"முழுகத்தான்" என்று ஆச்சி தன் சிக்குப்பிடித்த கொண்டையைத் தட்டிக் காட்டினாள்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "தலைக்குத் தண்ணி வாத்துக்கறதையா சொன்னீங்க? எங்கூர்ல முழுகாம இருக்கறதுன்னா மாசமா இருக்கறதுங்க."

எங்கள் ஊரிலும் அப்படிச் சொல்வதுண்டு; மூன்று மாசமாகத் தலை நனையாத எங்களுக்குத்தான் அது ஞாபகம் வரவில்லை. ஆச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, லொறிக்காரரையெல்லோ சொல்லிப்போட்டன்."

வராந்தா அதிர்ந்தது. லேடி டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்குள் நான் ரஞ்சியை இழுத்துக்கொண்டு நர்ஸிடம் போனேன். "மிஸ், கதவைச் சாத்திப்போட்டுக் கதைக்கோணும்" என்றேன். என் முகத்தைப் பார்த்தாரோ ரஞ்சியைப் பார்த்தாரோ, சிரிப்பு நின்றது. உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தாழ் போட்டார். லேடி டாக்டரும் வந்தார்.

நான் சொல்லத் தொடங்கினேன். ரஞ்சி என் கையை அழுத்தினாள். தானே சொன்னாள், விட்டுவிட்டு, முழுதாக. நடுவில் யாரும் மொழிபெயர்க்கவில்லை. விளங்காத இடத்தில் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள், அவள் வேறு சொல்லில் சொன்னாள். ஏன் போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் தொட்டுப் பார்த்தார். சோதித்து முடித்ததும் நர்ஸ் அவள் தலையைத் தடவினார்.

"நீ முழுகாம இல்ல சாமி. உள்ள புண்ணுதான். மருந்துக்குக் கேட்டுரும்."

"இல்லை மிஸ்" என்றாள் ரஞ்சி. "முழுகேல்லைத்தான். மூண்டு மாசமா."

அவள் உதட்டோரம் சிரிப்பு வந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"போலீசுக்குப் போறதுன்னா நாங்க கூட வர்றோம். போறதும் போகாததும் உன்ற இஷ்டம்" என்றார் டாக்டர். "இப்ப உனக்கு என்ன செய்யோணும், சொல்லு."

"முதல்ல அந்தத் திறப்பு அவன்ர கையில இருக்கப்படாது."

"என்ன திறப்பு?" என்று நர்ஸ் முழித்தார்.

"சாவி" என்றேன். இந்த முறை மொழிபெயர்த்தது நான்.

வெளியே வந்தால், பின்கட்டில் அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நர்ஸ்தான் ஆயாவிடம் சொல்லியிருந்தார். "வாளியத் தூக்கிட்டு வந்தவங்கள எப்படிங்க சும்மா அனுப்பறது?" குளியலறைக் கதவுக்கு உள்ளே தாழ் இருந்தது. ஒவ்வொருத்தியாக முழுகிவிட்டு வந்தோம். ரஞ்சி வெகுநேரம் உள்ளே இருந்தாள். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் கதவடியில் நின்றேன்.

டாக்டர் தாசில்தாரைப் போய்ப் பார்த்தார். திறப்பு ஆச்சியின் முந்தானைக்கு வந்தது. துரைசிங்கத்தை முகாமிலிருந்து வெளியேற்றினார்கள். பின்னால் ரஞ்சி தானாக முடிவெடுத்துப் போலீசுக்குப் போனபோது, கமலவேணி ஸ்டேஷன் வாசல் வரை அல்ல, உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

தொட்டிக்குத் தட்டி கட்டிய பிறகும் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிப் பயணத்தை நாங்கள் விடவில்லை. அதற்கு முழுக்கு நாள் என்றே பெயர். நர்ஸும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார். மற்ற முகாம்களிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். வாளியோடு போகிறவளை எதற்குப் போகிறாய் என்று எந்த ஆணும் கேட்பதில்லை. முழுகிய பிறகும் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளைக் கமலவேணி தானாக உள்ளே அழைத்துக்கொள்வார்.

அந்த முதல் நாள் முற்றத்து வெயிலில் எல்லோரும் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தோம். மற்றவர்களுக்குக் காய்ந்துவிட்டது, ரஞ்சிக்கும்கூட. பஸ்ஸுக்கு நேரமானது. "என்னக்கா, உங்களுது இன்னும் காயலீங்களா?" என்று கமலவேணி என் மயிரை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தார்.

இப்போது பாதி நரைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் முழுகுகிறேன். காய மத்தியானம் ஆகிறது.