இரண்டாவதாக அசைந்தவள்

ஹெப்டத்லான் என்ற ஒன்றைக் கண்டுபிடித்த ஆள் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன். இரண்டு நாளில் ஏழு போட்டி. முதல் நாள் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், இருநூறு மீட்டர். மறுநாள் நீளம் தாண்டுதல், ஈட்டி, கடைசியில் உயிரை வாங்கும் எண்ணூறு மீட்டர். எதிலும் நீ முதலாவதா மூன்றாவதா என்பது கணக்கில்லை. ஓடிய நேரத்துக்கும் தாண்டிய தூரத்துக்கும் புள்ளி போடுவார்கள். ஏழையும் கூட்டி யாருக்கு அதிகமோ அவள்தான் ஜெயித்தவள். இதை எங்கள் சாந்தோம் தெருவில் விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். எல்லாம் கேட்டுவிட்டு, "அது சரி டீனா, நீ ஃபர்ஸ்டா?" என்பார்கள்.

இந்த வருடம் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். மாநிலப் போட்டியில் முதலில் வருகிறவளுக்கு மட்டும்தான் தேசியப் போட்டிக்கு இடம். இருபது வயதுக்குட்பட்ட பிரிவில் எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. முதல் நாள் மூன்று போட்டி முடிந்தபோது நான்தான் முன்னால் இருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து வந்த மஞ்சரி அடுத்தவள். மூன்றாவது தேவானை.

தேவானையும் நானும் பட்டினப்பாக்கம் மணலில் ஒன்றாக ஓடி வளர்ந்தவர்கள். அவள் அம்மா அங்கேதான் மீன் விற்கிறார். அரசாங்கம் வீட்டை இடித்து அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, அவ்வளவு தூரத்திலிருந்து விடிகாலைப் பயிற்சிக்கு வந்து சேர முடியாது என்று தேவானை பாதி நாள் எங்கள் வீட்டில்தான் படுப்பாள். என் அம்மா ஃப்ளோரா அவள் தட்டில் என்னைவிட இரண்டு இட்லி கூடவே வைப்பாள். நான் அதற்கெல்லாம் சண்டை போட்டதில்லை.

அன்று சாயங்காலம் இருநூறு மீட்டருக்கு மூன்று பேரும் ஒரே ஓட்டத்தில் நின்றோம். வெறும் இருநூறு மீட்டர் போட்டியாக இருந்தால், துப்பாக்கி வெடிப்பதற்கு முன் அசைந்தவள் அப்போதே வெளியே போகவேண்டியதுதான். ஹெப்டத்லானில் அப்படியில்லை. முதல் தடவை யார் அசைந்தாலும் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே எச்சரிக்கை. அதற்குப் பிறகு அசைகிறவள் யாரானாலும் வெளியே. ஒருத்தி பேசியதற்கு மொத்த வகுப்பையும் எழுந்து நிற்கச் சொல்லும் டீச்சர் புத்தியில் உருவான விதி இது.

தேவானை துப்பாக்கிக்கு முன்னால் பாய்ந்தாள். நடுவர் மஞ்சளும் கறுப்புமான அட்டையை எங்கள் எல்லோருக்கும் காட்டினார். திரும்பப் போய் பிளாக்கில் காலை ஊன்றிக் குனிந்தோம். அசையக் கூடாது, அசையக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் யாரோ மூச்சு இழுத்த சத்தம் கேட்டது. என் கால் என்னைக் கேட்காமல் கிளம்பிவிட்டது.

சிவப்பு அட்டை எனக்கு மட்டும் வந்தது. இருநூறு மீட்டரில் நான் சாதாரணமாக ஓடினாலே எழுநூற்றைம்பது புள்ளி கிடைக்கும். கிடைத்தது பூஜ்யம். இனி நான் பறந்து காட்டினாலும் முதலிடம் கிடையாது. முதலில் அசைந்தவள் ஓடினாள், நல்ல நேரமும் எடுத்தாள். நான் கோட்டுக்கு வெளியே நின்று அதையும் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நசுங்கிவிட்டது.

"பிளாக்ல கால் வழுக்கிக்கிச்சு டீனா," என்று ஆட்டோவில் வரும்போது தேவானை சொன்னாள். வீட்டு வாசலில் ஒரு முறை, சாப்பிடும்போது ஒரு முறை மறுபடியும் சொன்னாள். "இன்னாடி, வாயத் தொறக்க மாட்டேன்ற?"

நான் சோற்றை அள்ளி வாயை அடைத்துக்கொண்டேன். திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

"அவ என்ன வேணும்னா பண்ணா? வழுக்கினா அவ என்ன செய்வா? விடு," என்றாள் அம்மா. என் அம்மாவுக்கு ஊரில் உள்ள எல்லோர் பக்கமும் நியாயம் தெரியும், பெற்ற மகள் பக்கம் தவிர.

மறுநாள் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு போட்டியில் இறங்காவிட்டால் பாதியில் விட்டு ஓடியவள் என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். தாண்டினேன், எறிந்தேன். எண்ணூறு மீட்டர் மட்டும் மிச்சமிருந்தபோது மஞ்சரி முதலில். அவளுக்கு ஐம்பது புள்ளி பின்னால் தேவானை. எண்ணூறில் ஒரு விநாடிக்குப் பதின்மூன்று புள்ளி போல வரும். ஆக, தேவானை அவளைவிட நாலு விநாடி முன்னால் வந்தாக வேண்டும். அது நடக்காது என்று எனக்குத் தெரியும். முதல் சுற்றில் வெறிபிடித்து ஓடி இரண்டாவது சுற்றில் நாக்குத் தள்ளுவதுதான் அவள் வழக்கம். எண்ணூறு என் போட்டி. பயிற்சியில் அவளை இழுத்துக்கொண்டு ஓடுவது நான்தான்.

இந்த ஒன்றையாவது முதலில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் ஓடத் தொடங்கினேன். யாருக்கும் உதவும் எண்ணம் துளியும் இல்லை. முதல் சுற்று முடிந்து மணி அடித்தபோதுதான் பின்னால் அந்த மூச்சு கேட்டது. எத்தனையோ காலைகளில் கேட்ட மூச்சு. என் முதுகுக்குப் பின்னால், காற்றுப் படாமல், நான் போட்ட வேகத்தில் பத்திரமாக வந்துகொண்டிருந்தாள். மஞ்சரி எங்கேயோ பின்தங்கிவிட்டாள்.

கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் போதும். இல்லை, ஒரு நூறு மீட்டர் கண்மண் தெரியாமல் பறந்தாலும் போதும், அவளும் கூடவே பறந்து வழியிலேயே செத்துப்போவாள். எதிர்ப்பக்க நேர்ப்பாதை முழுக்க இதையேதான் யோசித்தேன். ஆனால் என் கால் அதன் வேகத்திலேயே ஓடியது. ஓட்டத்தைக் கெடுத்து ஓட எனக்கு வரவில்லை. கோபத்தில்கூட வரவில்லை. அதை நினைத்து இன்னும் கோபம் வந்தது.

நான் முதலில் முடித்தேன். என் தோளை உரசிக்கொண்டு அவள் முடித்தாள். மஞ்சரி ஐந்து விநாடி கழித்து வந்தாள். ஒலிபெருக்கியில் தேவானை பெயரை முதலாவதாகப் படித்தார்கள். மைதான ஓரம் வலைக் கம்பிக்குப் பின்னால் அவள் அம்மா மீன் வாடையோடு அழுவதும் சிரிப்பதுமாக நின்றிருந்தார்.

ஹெப்டத்லானில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் முடிந்ததும் ஜெயித்தவள், தோற்றவள் எல்லோரும் கைகோத்து மைதானத்தை ஒரு சுற்று வரவேண்டும். தேவானை கையை நீட்டினாள். ஜனம் கைதட்டிக்கொண்டிருந்தது. பிடித்தேன்.

வளைவு தாண்டியதும் அவள் முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "கால் வழுக்கல டீனா."

"என்னது?"

"வேணும்னேதான் பண்ணேன். மஞ்சரி ஸ்டார்ட்டுல செம ஃபாஸ்ட்டா கீறா. ஒரு வார்னிங் வுழுந்தா பயந்துகினு லேட்டா எழுந்துப்பான்னு பார்த்தேன். நீ அசைஞ்சுடுவேன்னு நான் நெனைக்கவே இல்ல."

விதிப்படி இதில் தப்பே கிடையாது. யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்வது? என் இடத்தை வாங்கிக்கொண்டு, என் முதுகைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்து, இப்போது என் கையையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உதறிவிட்டுப் போகலாமென்றால் இந்தப் பக்கம் மஞ்சரி என் இன்னொரு கையைப் பிடித்து அழுதுகொண்டே நடக்கிறாள். எதிரே போட்டோ எடுக்கிறார்கள். எல்லோரையும் குனிந்து வணங்கச் சொன்னார்கள். குனிந்தேன். நிமிரும்போது தேவானையின் விரல்களை என் பலமெல்லாம் சேர்த்து நெரித்தேன்.

"வலிக்குதுடி, வுடு," என்றாள்.

"இன்னும் பாதி மைதானம் இருக்கு, நட," என்றேன்.