இயற்கை எய்தியவர்

சுரங்கத்தின் கூரையைத் தாங்கிய இரும்புக் கம்பி முறிந்து என் கணவர் செத்தார். சுரங்கவியலும் உலோகவியலும் ஆராயும் மாணவர்களுக்கு நிர்வாகம் அவர் நினைவாக ஓர் உதவித்தொகை வைத்தது. ஆண்டுதோறும் தேர்வானவர்களின் பட்டியலில் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிடுவார்கள். நானும் படிக்காமலே போட்டுவிட்டு வருவேன்.

இந்த ஆண்டு எல்லா விண்ணப்பங்களையும் கேட்டு வாங்கிப் படித்தேன். ஒரு பெண் மட்டும் கூரைக் கம்பிகள் ஏன் முறிகின்றன என்று ஆராய உதவித்தொகை கேட்டிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் 'பொருத்தமில்லை' என்று இருந்தது.

"ஏன் சார் பொருத்தமில்லை?"

"பழசைக் கிளற வேணாம்னு பாத்தோம்மா," என்றார் அதிகாரி.

பட்டியலின் தலைப்பு அப்போதுதான் கண்ணில் பட்டது: 'இயற்கை எய்திய நம் ஊழியரின் நினைவாக.' ஆறு வருஷமாக இதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கம்பி முறிஞ்சு செத்தவரு எப்படி சார் இயற்கை எய்துவாரு?"

"அது மரியாதைக்குப் போடுற வார்த்தைம்மா."

பேனாவை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

"அந்த மரியாதையை எனக்கு எடுத்து வைங்க சார், நான் படுக்கையில செத்தா போட்டுக்கலாம். அவரு எப்படிச் செத்தாருன்னு அந்தப் பொண்ணு எழுதட்டும்."