கண்ணீரளவு உப்பு

கேதீஸ்வரி உப்புப் போத்தலை நீட்டியபோது இரத்தினம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தன்னாமுனை அகதி முகாமில் இருவரும் அடுத்தடுத்த கூடாரக்காரர்கள். கிழக்கில் சண்டை முடியப்போகிறது என்று றேடியோ சொல்லிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஷெல்லுக்குப் பயந்து பனிச்சங்கேணியிலிருந்து ஓடிவந்தவள் கேதீஸ்வரி. அவளுடைய கைக்குழந்தைக்கு முதல்நாளிலிருந்து வயிற்றோட்டம். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று மாமியார் சொன்ன பேச்சைக் கேட்டு, தண்ணீரை நிறுத்திப் பாலையும் குறைத்துவிட்டாள். இப்போது உச்சிக்குழி உள்ளே இறங்கிக் கிடக்கிறது. பிள்ளை அழுகிறது, கண்ணில் ஈரமில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடியே நிற்கிறது. இராணுவச் சுற்றிவளைப்பென்று காலையிலேயே றோட்டை மூடிவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனிப் பக்கற்றும் முகாமில் முடிந்துபோயிருந்தது.

இரத்தினம்மாவுக்கு வீட்டுச் சாமானிலேயே அதைக் கரைக்கத் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் சமையலில் உப்பு விழுவதில்லை என்பதும் தெரியும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். புருஷன் அழகரத்தினம் மடியிலிருந்து உப்புக்கல்லை எடுத்துச் சோற்றில் பிசைந்துகொள்வான். கேலிக்காரிகளுக்கு என்ன தெரியும்! அவளுடைய மகன் நிலோஜனைக் கடல் கொண்டுபோனது என்றுதான் முகாம் நினைத்துக்கொண்டிருந்தது. கடல் கொண்டுபோகவில்லை. சுனாமியன்று பூவரசங் கொப்பைப் பிடித்துத் தொங்கி உயிரோடு வந்தவன் அவன்.

அதன்பிறகு அவர்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில்தான் அவனுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. தாதி ஒருத்தி வந்து சொல்லிக்கொடுத்தாள். கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், தலைதட்டி ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வெறும் தண்ணீர் உடம்பில் நிற்காது, உப்பும் சேர்ந்துதான் போகிறது என்றாள். கரைத்ததை நாக்கில் விட்டுப் பார்க்க வேண்டும், கண்ணீரைவிடக் கரித்தால் கொடுக்கக் கூடாது. இரத்தினம்மா ஒன்றையும் மாற்றவில்லை. ஆனால் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர், அந்தக் கிணற்றுக்குள்ளும் கடல் புகுந்திருந்தது. நாட்கணக்கில் அதையே குடித்து நாக்கு மரத்துப்போயிருந்தது. சுவைத்துப் பார்த்தாள், இனித்தது. நிலோஜன் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"கரிக்கிதும்மா."

"மருந்துடா மனே. கண்ண மூடிக்கிட்டுக் குடி."

சொல்வழி கேட்கிற பிள்ளை, குடித்தான். பிறகு தாகம் தாகமென்று தவித்தான். அவள் அதையே கரைத்துக் கரைத்துக் கொடுத்தாள். வலிப்பு வந்து அவன் போய்ச் சேர்ந்த பிறகு, கிணறுகளைச் சோதிக்க வந்தவர்கள் அந்தக் கிணற்றுக் கட்டில் சிவப்புப் பூசிவிட்டுப் போனார்கள். உப்பான தண்ணீரில் தானும் உப்புப் போட்டுக் கொடுத்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதை அழகரத்தினத்திடம்கூட அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கக் கோப்பையை எடுத்தால் போதும், பட்டப்பகலிலும் காதுக்குப் பக்கத்தில் நிலோஜன் முனகுவான்.

கேதீஸ்வரி நீட்டிய உப்பை வேண்டாமென்று சொல்லிவிட்டு இரத்தினம்மா சீனியை மட்டும் கரைத்துக் கொடுத்தாள். குழந்தை குடித்தது. குடித்ததெல்லாம் போனது. கொஞ்ச நேரத்தில் கழுத்து நிற்காமல் தலை சரிந்து, கண் மேலே சொருகியது. இனியும் உப்பில்லாமல் கொடுத்தால் இதுவும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. உப்பை அளந்து போட்டாள். முகாமுக்குப் பவுசர் லொறியில் வந்தது நல்ல தண்ணீர்தான். ஆனால் அன்றைக்கும் அவள் நாக்கு நல்ல தண்ணீர் என்றுதானே சொன்னது. இந்த நாக்கை எப்படி நம்புவது?

"எனக்கு நாக்குச் சரியில்ல புள்ள," என்றாள் கேதீஸ்வரியிடம். "முதல்ல உன்ட கண்ணீர நக்கிப் பாரு. பிறகு இதக் குடிச்சுப் பாரு."

கேதீஸ்வரி அழுதுகொண்டே கன்னத்தை வழித்து நாக்கில் வைத்தாள். பிறகு கோப்பையில் ஒரு வாய் குடித்தாள்.

"கண்ணீர்தான் அக்கா கரிக்குது."

இரத்தினம்மா குழந்தையை மடியில் கிடத்திக் கரண்டி கரண்டியாக விட்டாள். குழந்தை சத்தி எடுத்துக் கக்கியது. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப விட்டாள். ஒவ்வொரு கரண்டிக்கும் காதோரம் 'கரிக்கிதும்மா' என்றான் நிலோஜன். இல்லை மனே, பார்த்தாச்சு, இது கரிக்காது என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே விட்டாள். வெயில் கூடாரத் துணியில் காய்ந்தது, குடும்பிமலைப் பக்கம் ஷெல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

பொழுது சாயும்போது அவள் மடி சூடாக நனைந்தது. காலையிலிருந்து பெய்யாத பிள்ளை மூத்திரம் பெய்திருந்தது. கேதீஸ்வரி சிரிப்பும் அழுகையுமாகத் தூக்கக் கை நீட்டினாள். இரத்தினம்மா கொடுக்கவில்லை. நனைந்த சீலையோடு அப்படியே இருந்து அடுத்த கரண்டியை நிரப்பினாள். காதோரம் சத்தமில்லை. பொறுத்துப் பார்த்தாள். நிலோஜன் பேசவில்லை. அவளுக்குப் பயம் பிடித்தது.

"மனே," என்று கூப்பிட்டாள்.

மடியில் கிடந்த குழந்தை வாயைத் திறந்தது.