பேராச்சி பார்த்த பம்பாய்

அன்றைக்குக் காலையில் பேராச்சி அரை டம்ளர் கடுங்காப்பி குடித்தாள். மீதியைப் புருஷன் நம்பிராஜனின் டம்ளரில் ஊற்றி, அவர் குடித்ததும் இரண்டையும் கழுவிக் கவிழ்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று, கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி, சீக்கிரம் கிளம்பச் சொன்னாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் தினமும் நடந்த காரியங்கள்தாம். மறுநாள் அதே நேரத்துக்கு அவள் இல்லை.

நம்பிராஜனுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. முதலாளி ஜெயினுலாப்தீன் பாய், வீட்டுக் கல்யாணத்துக்காகப் பட்டறைக்கு ஒரு நாள் விடுமுறை விட்டிருந்தார். மே மாதம். தேவ்நாரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் இசக்கிசெல்விதான் இந்தப் பேச்சை ஆரம்பித்தாள். ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த அம்மா தாராவியையும் சயானையும் மாட்டுங்காச் சந்தையையும் தவிர எதைப் பார்த்திருக்கிறாள், கேட்வே ஆஃப் இந்தியாவைக்கூட டிவியில்தானே பார்த்தாள் என்று சண்டை பிடித்தாள். ஒரே நாளில் பார்த்து முடிக்கக்கூடிய ஒன்பது இடங்களை வரிசையாகச் சொல்லி போனில் குரலாக அனுப்பினாள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற போட்டோ வேண்டும் என்று உத்தரவும் போட்டாள்.

நம்பிராஜன் எண்ணிக்கையில் வாழ்கிற மனுஷர். பட்டறையில் இன்றைக்கு நாற்பது பை என்று சொல்லிவிட்டால் நாற்பதாவது பைக்கு ஜிப் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஒன்பது இடம் என்றால் ஒன்பதும்தான்.

மாஹிம் ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே உப்பங்கழியின் அழுகல் நாற்றம் முகத்தில் அறைந்தது. ரயிலில் பேராச்சி பெண்கள் பெட்டியில் ஏறினாள். சர்ச்கேட்டில் இறங்கும்போது அவள் சேலை முந்தானையில் யாரோ துப்பிய மாவாப் புகையிலையின் சிவப்பு இருந்தது. அவள் அதை மடித்து உள்ளே செருகிக்கொண்டாள்.

கேட்வேயில் நிற்க இடமில்லை. புறா எச்சம், சோளக் கதிரின் சக்கை, தோளில் வந்து இடிக்கும் போட்டோக்காரர்கள். கீழே கடல், பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு கிடந்தது. சாமிக்குப் போட்ட மாலையும் எண்ணெய்ப் படலமும் ஒற்றைச் செருப்பும் சுவரில் மோதி மோதித் திரும்பின. பேராச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுப் பின்னால ஓடுத சாக்கடை நாலாவை இங்ஙன கொண்டாந்து விட்டா ஒரு வித்தியாசமும் தெரியாது. இதுக்கா இம்புட்டு சனம் வருது?"

அவர் சிரித்தார். எலுமிச்சைச் சர்பத் இரண்டு வாங்கி வந்தார். அவள் உதட்டை மட்டும் நனைத்துவிட்டு டம்ளரை அவரிடமே நீட்டினாள். அவர் இரண்டையும் குடித்தார்.

அவர்கள் தெருவில் எந்தப் பெண்ணும் வெளியே போகிற நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. கல்யாணத்துக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ரேஷன் கடை வரிசைக்குப் போனாலும் அப்படித்தான். போகிற இடத்தில் ஒதுங்க ஓர் இடம் இருக்காது, இருந்தால் கால் வைக்க முடியாது. இது நம்பிராஜனுக்குத் தெரியும். அடுப்பங்கரையில் எந்த டப்பாவில் மிளகு இருக்கிறது என்று தெரிவதுபோல, தேவைப்படாதவரை நினைக்காமலே தெரியும்.

குடித்த சர்பத்துக்கு அவருக்கு இடம் தேவைப்பட்டது. சாலையோரத்தில் ஒரு நீளச் சுவர். யாரும் அசிங்கம் செய்யக் கூடாது என்று வரிசையாகச் சாமி படம் போட்ட ஓடுகளைப் பதித்திருந்தார்கள். பிள்ளையார், ஏசு, மெக்கா. ஓர் இடத்தில் ஓடு உதிர்ந்து வெறும் சிமெண்டு தெரிந்தது. அங்கே ஏற்கனவே நாலு ஆண்கள் நின்றார்கள். அவர் ஐந்தாவது ஆள். பேராச்சி பத்தடி தள்ளி, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வாய்க்காலாக ஓடி வந்த ஈரம் தன் செருப்பைத் தொடாமல் அவள் இரண்டு தடவை நகர்ந்து நின்றதை அவர் பார்த்தார்.

இன்றைக்கும் அந்தச் சுவரை நினைத்தால் அவருக்குக் குமட்டுகிறது. நாற்றத்தினால் அல்ல. ஜிப்பை இழுத்துவிட்டுக் கொண்டு, "வா, அடுத்தது மியூசியம்" என்று அவ்வளவு லேசாக நடந்தாரே, அதனால்.

நாலு இடம் முடித்துச் சௌபாத்திக் கடற்கரைக்கு வரும்போது உச்சி வெயில். தார் இளகியிருந்தது. மணலில் காகங்கள் எதையோ குடைந்துகொண்டிருந்தன. பேராச்சியின் நடை தளர்ந்ததைப் பார்த்து அவரே ஒரு கழிப்பிடத்தைக் கண்டுபிடித்தார். ஆண்கள் பக்கம் திறந்திருந்தது. பெண்கள் பக்கம் பூட்டு. சாவி வைத்திருந்தவன் சாப்பாட்டை முடித்து, கையைக் கழுவி, பல் குத்திவிட்டு வந்து திறந்தான். உள்ளே போனவள் போன வேகத்தில் திரும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். வெறும் எச்சில்தான் வந்தது.

அவர் பக்கத்தில் போய் என்னவென்று கேட்டார்.

"மனுசி போற எடமா அது?"

"அப்போ அடக்கிக்கோ. இன்னும் நாலு எடந்தான்."

"அடக்க என்ன இருக்கு? அதுக்குத்தான காலையில இருந்து பச்சத்தண்ணி தொடல. நீங்க நடங்க."

இவ்வளவு தெளிவாகச் சொன்னாள். அவர் நடந்தார்.

மலைமேல் இருக்கும் தோட்டத்தில் போட்டோவுக்காக அவள் கையைப் பிடித்தார். சுட்டது. ஊரே வேர்வையில் நனைந்து கிடக்க, அவள் கை மட்டும் காய்ந்த தோல்போல இருந்தது. தோலில் வேலை செய்கிறவர். ஈரமில்லாத தோலைத் தொட்டாலே தெரியும் அவருக்கு. அவளுக்கு வேர்க்கவில்லை, நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தார்.

மஹாலட்சுமி கோவிலில் ஒன்றரை மணி நேர வரிசை. மிதிபட்டு நசுங்கிய தாமரையும் பாலும் காலடியில் வழுக்கின. ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் கடல் விட்டுப்போன குப்பை வெயிலில் வெந்து நாறியது. சித்திவிநாயகரிடம் மறுபடி வரிசை. அங்கே அவள் தலை வலிக்கிறது என்றாள். அவர் போனைத் தூக்கிப் பிடித்து ஒன்பதாவது போட்டோவை எடுத்தார்.

மாட்டுங்காவில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஓட்டலில் பெண்களுக்கென்று தனியாகச் சுத்தமான இடம் இருந்தது. வெள்ளை ஓடு, அந்துருண்டை, உள்தாழ்ப்பாள். பேராச்சி வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

"இங்ஙன நல்லாருக்கு. ஆனா ஒண்ணும் வரல."

அப்புறம் தண்ணீர் கேட்டாள். மூன்று டம்ளர் ஒரே மூச்சில் குடித்தாள். குடித்தது அத்தனையும் மேஜைமேல் வந்தது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த குடும்பம் முகத்தைச் சுளித்து இலையோடு எழுந்தது. அவர் கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க, அவள் அவரை யாரோபோலப் பார்த்து, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா, குடம் வைத்தாயிற்றா என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஐஸ் கட்டி வைத்தார்கள், கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பேராச்சி பகலில் எவ்வளவு தண்ணீர் குடித்தாள் என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார். அவளுக்குத் தாகமே எடுக்கவில்லை என்று நம்பிராஜன் சொன்னார். அந்தப் பொய் ஏன் வாயில் வந்தது என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. விடியுமுன் முடிந்துவிட்டது. காகிதத்தில், சாவுக்குக் காரணம் வெயில் என்று எழுதினார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் போனைக் கைமாற்றிக் கைமாற்றி ஒன்பது படங்களையும் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள், "பம்பாய் முழுக்கச் சுத்திப் பாத்துட்டுல்லா போயிருக்கா மகராசி" என்று மூக்கைச் சிந்தினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நம்பிராஜன் வாயில் ஊறியதைத் துப்ப எழுந்தவர், அத்தனை பேருக்கு நடுவில் துப்ப முடியாமல் விழுங்கினார். இசக்கிசெல்வி மட்டும் படங்களைப் பார்க்கவில்லை. தான் சொன்ன இடங்கள்தானே என்று மூலையில் அழுதுகொண்டிருந்தாள். நீ சொன்ன இடங்களால் இல்லை என்று அவளிடம் சொல்ல அவருக்கு நாற்பது நாள் ஆயிற்று. சௌபாத்தியில் நடந்ததை மறைக்காமல் சொன்னார்.  "எங்க போய் ஒதுங்குதீங்கன்னு எங்ககிட்டயும் யாரும் கேட்டது கெடையாது, அப்பா" என்றாள் அவள்.

அதற்குப் பிறகுதான் ஒரு நாள் அவர் முப்பிடாதியம்மாளை வாசலில் நிறுத்தி, தெருமுனைப் பொதுக் கழிப்பிடத்தில் பெண்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டார். ஓர் ஆம்பிளை கேட்கிற கேள்வியா இது என்று அவள் முதலில் முறைத்தாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்.

உள்ளே நாலு அறை. நாலாவது எப்போதும் அடைத்துக்கொண்டு வழியும். மூன்றாவதுக்குக் கதவு கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பேராச்சி கல்யாணமாகி வந்தபோதே அப்படித்தான் இருந்தது.

இப்போதும் மூன்றாவது அறைக்குக் கதவு இல்லை.